கயிறு நிக்கிறதே இல்ல: ஹைஸ்பீட் சேர்லிஃப்ட் எப்படி வேலை செய்யுது?

ஸ்கீ ரிசார்ட்னா மலைல பனிச்சறுக்கு விளையாடுற இடம், அங்க ஆளுங்களை கயித்துல தொங்குற சேர்ல உக்கார வச்சு மலை மேல ஏத்துறதுதான் சேர்லிஃப்ட். அதைப் பத்தி பேச்சு வந்தா ரெண்டு விஷயம் கண்டிப்பா காதுல விழும். ஒண்ணு, "புதுசா ஹைஸ்பீட் லிஃப்ட் போட்டுட்டாங்க, இனிமே க்யூவே இருக்காது". இன்னொண்ணு, "ஆளுங்க ஏறுற இடத்துல கயித்த ஸ்லோ பண்ணிடுவாங்க, ஏறினதும் ஸ்பீடு ஏத்திடுவாங்க". ரெண்டுமே தப்பு. ரெண்டாவதை நானும் ரொம்ப நாள் நம்பிக்கிட்டுதான் இருந்தேன், ஒரு தடவை கீழ் ஸ்டேஷன்ல க்யூல நிக்கும்போது சும்மா தலையை தூக்கி பாத்தேன், சேர் ஆமை மாதிரி ஊர்ந்து வருது, அதுக்கு ஒரு முழம் தள்ளி கயிறு சர்ருனு ஓடிக்கிட்டு இருக்கு. அந்தக் கயித்துக்கும் அந்த சேருக்கும் அந்த நேரத்துல எந்த சம்பந்தமும் இல்ல. அன்னிக்குதான் விஷயம் புரிஞ்சுது.

ஸ்கீ போறவங்களுக்கு மட்டும் இல்ல, ரோப்கார்ல போயிட்டு "இது எப்படி நிக்காம போகுது"னு யோசிச்ச யாருக்கும் இது உதவும், ஏன்னா பல நவீன கேபின் ரோப்கார்கள்லயும் இதே வித்தைதான். கணக்கு கொஞ்சம் வரும், பெருக்கல் வகுத்தல் தாண்டி ஒண்ணும் இல்ல.

அடிப்படை: ஒரு துணிக்கொடி

ரெண்டு பக்கம் ரெண்டு கப்பி, நடுவுல வளையமா ஒரு கயிறு, ஒரு பக்கம் இழுத்தா காஞ்ச துணி உங்ககிட்ட வரும், இன்னொரு பக்கம் ஈரத்துணி தள்ளிப்போகும். இந்த மாதிரி துணிக்கொடி பாத்திருப்பீங்க. சேர்லிஃப்ட் அதேதான், மலைச்சரிவுல சாய்ச்சு வச்சது. கீழ ஒரு ராட்சச சக்கரம், மேல ஒரு ராட்சச சக்கரம், ரெண்டையும் சுத்தி முடிவே இல்லாத ஒரு எஃகு கயிறு. அந்த சக்கரத்துக்கு பேர் புல்வீல். நாலஞ்சு மீட்டர் விட்டம் இருக்கும். ரெண்டுல ஒண்ணை மோட்டார் சுத்தும், இன்னொண்ணு சும்மா கூட சுத்தும்.

கயிறுன்னா லேசா நினைச்சுடாதீங்க. எஃகு கம்பிகளை முறுக்கி புரியாக்கி, அந்த மாதிரி ஆறு புரியை நடுவுல ஒரு பிளாஸ்டிக் கரு வச்சு மறுபடி முறுக்கினது, தடிமன் சுமாரா 4-ல இருந்து 5 சென்டிமீட்டர் வரும். "முடிவே இல்லாத"ன்னு சொன்னேன்ல, அதை எப்படி பண்றாங்கன்னா முடிச்சும் கிடையாது வெல்டிங்கும் கிடையாது, ரெண்டு முனையிலயும் புரிகளைப் பிரிச்சு ஒண்ணுக்குள்ள ஒண்ணா பின்னிடுவாங்க. அந்தப் பின்னல் பல பத்து மீட்டர் நீளத்துக்குப் போகும், முடிஞ்சதுக்கப்புறம் பக்கத்துல நின்னு பாத்தாக்கூட எங்க சேத்தாங்கன்னு சட்டுனு கண்டுபிடிக்க முடியாது. கையாலயே பண்ற வேலை, அதுக்குன்னே பழகின ஆளுங்க இருக்காங்க.

கயிறு நடுவுல தொங்கிடாம இருக்க வழி நெடுக டவர். ஒவ்வொரு டவர் தலையிலயும் வரிசையா சின்ன சின்ன ரப்பர் பூசின சக்கரங்கள், அதுங்களுக்கு ஷீவ்னு பேர். கயிறு அதுங்க மேல உருண்டு போகும். சில டவர்ல மட்டும் கயிறு ஷீவுக்கு அடியில போகும், பள்ளமான இடத்துல கயிறு மேல கிளம்பிடாம அமுக்கிப் பிடிக்க.

இதோட கதை ஆரம்பிச்ச விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1936-ல அமெரிக்காவுல ஐடஹோ மாநிலத்துல சன் வேலின்னு ஒரு ஸ்கீ ரிசார்ட்டை யூனியன் பசிபிக் ரயில் கம்பெனி திறந்துச்சு. அந்தக் கம்பெனி இன்ஜினியர் ஜேம்ஸ் கர்ரன் அதுக்கு முன்னாடி வாழைத்தாரை கப்பல்ல ஏத்துறதுக்கான கன்வேயர் வேலை பாத்தவரு. ஓடுற கயித்துல கொக்கி, கொக்கில வாழைத்தார். கொக்கியை எடுத்துட்டு சேரை மாட்டினா மனுஷனும் போவானேன்னு யோசிச்சாரு, அதுதான் உலகத்தோட முதல் சேர்லிஃப்ட்.

வாழைத்தாருக்கும் மனுஷனுக்கும் உள்ள வித்தியாசம்

வாழைத்தார் கத்தாது. கொக்கி வேகமா வந்து இடிச்சாலும் கவலைப்படாது. மனுஷன் அப்படி இல்ல, அதுவும் காலுல நீளமா ரெண்டு பலகையை மாட்டிக்கிட்டு பனி மேல நிக்கிற மனுஷன் சரியா நகரக்கூட முடியாது.

பழைய வகை லிஃப்ட்ல சேர் கயித்தோட நிரந்தரமா இறுக்கிக் கட்டப்பட்டிருக்கும். சேரோட மேல் நுனியில கயித்தைக் கவ்விப் பிடிக்கிற இரும்புத் தாடைக்கு பேர் கிரிப். அது கழட்டவே முடியாம இறுகியிருந்தா அந்த லிஃப்டை ஃபிக்ஸட் கிரிப் லிஃப்ட்னு சொல்வாங்க. இதுல கயிறு என்ன வேகமோ சேரும் அதே வேகம், எல்லா இடத்துலயும். சேர் புல்வீலை சுத்தி வந்து உங்க முழங்காலுக்குப் பின்னாடி தட்டும், நீங்க டபக்குனு உக்காரணும். ஓடுற பஸ்ல ஏறுற மாதிரி, அதுவும் பஸ்ஸுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு.

அதனால இந்த வகை லிஃப்டோட வேகம் பெரும்பாலும் விநாடிக்கு 2.5 மீட்டருக்குள்ளயே நின்னுடும். மோட்டார் பவர் பத்தாதுன்னு இல்ல. மோட்டார் இதை விட வேகமா சுத்தும், கயிறும் தாங்கும், ஏறுற ஆளோட முழங்கால்தான் தாங்காது. லிஃப்ட் பக்கத்துல நிக்கிற ஊழியர், லிஃப்டின்னு சொல்வாங்க, சேரைக் கையால புடிச்சு கொஞ்சம் பின்னாடி இழுத்து, இடியைக் குறைச்சு உங்க கீழ விடுவாரு. நாள் முழுக்க குளிர்ல நின்னு பல நூறு தடவை. அந்த வேலையை நான் சாதாரணமா நினைச்சதே இல்ல.

இதுவரைக்கும் வந்தது இவ்வளவுதான்: லிஃப்டுங்கறது வளையமா ஓடுற கயிறு, சேர் அதுல கிரிப்பால தொங்குது, சேரைக் கழட்டவே முடியாதுன்னா மொத்த லிஃப்டும் ஏறுற ஆளோட வேகத்துக்குத்தான் ஓட முடியும்.

துணிக்கிளிப் ஐடியா

இப்போ துணிக்கொடிக்கே திரும்புவோம். கொடியில கிளிப்பு மாட்டியிருக்கு. பின்னாடி அமுக்கினா வாய் திறக்குது, விட்டா ஸ்பிரிங் தானா இறுக்கிடுது. கயிறு ஓடிக்கிட்டே இருந்தாலும் அமுக்கி கிளிப்பை எடுத்துடலாம், மறுபடி வேற இடத்துல மாட்டிக்கலாம். கயிறு நிக்கணும்னு அவசியமே இல்ல.

ஹைஸ்பீட் லிஃப்டோட மொத்த ரகசியமும் இதுதான். கிரிப் ஒரு பெரிய துணிக்கிளிப். வழியில கயித்தை இறுக்கமா கவ்வியிருக்கும், ஸ்டேஷனுக்குள்ள வந்ததும் வாயைத் திறந்து கயித்தை விட்டுடும், சேர் மட்டும் தனியா மெதுவா நகரும், ஆளுங்க இறங்கி ஏறினதும் மறுபடி வேகம் புடிச்சு கயித்தைக் கவ்விக்கும். இதுக்கு டிடாச்சபிள் லிஃப்ட்னு பேர், அதாவது கழண்டு மாட்டுற லிஃப்ட். "ஹைஸ்பீட்"ங்கறது விளம்பரப் பேர், டிடாச்சபிள்ங்கறதுதான் உண்மையான பேர்.

இதுல ஒரு நுணுக்கம் இருக்கு, அதை கவனிக்காம விட்டுடுறாங்க. துணிக்கிளிப்போட இயல்பான நிலை என்ன? மூடியிருக்கறது. அதைத் திறக்கத்தான் பலம் வேணும், மூடிவைக்க வேண்டாம். லிஃப்ட் கிரிப்பும் அப்படியே. கரன்ட்டோ பேட்டரியோ பிடிச்சு வைக்கல, ஸ்பிரிங் பிடிச்சிருக்கு. நடுவழியில கரன்ட் போச்சுன்னா சேர் கயித்தை விட்டுடுமான்னு பயப்படுறவங்க நிறைய பேர். விடாது, ஏன்னா விடவைக்கிற கருவி சேர்லயே கிடையாது, ஸ்டேஷன்லதான் இருக்கு.

இந்த யோசனை புதுசு இல்ல. 1945-லயே சுவிட்சர்லாந்துல ஃப்ளிம்ஸ்ங்கற ஊர்ல கழண்டு மாட்டுற சேர்லிஃப்ட் ஓடுச்சு, பக்கவாட்டா திரும்பி உக்காந்து போகணும். ஆனா இன்னிக்கு நாம ஹைஸ்பீட் லிஃப்ட்னு சொல்ற மாதிரி நாலு பேர் பக்கத்துல பக்கத்துல உக்காந்து வேகமா போறது 1981-ல அமெரிக்காவுல கொலராடோ மாநிலத்து பிரெக்கன்ரிட்ஜ்ல குவிக்சில்வர்ங்கற பேர்ல வந்துச்சு, டாப்பல்மயர்ங்கற ஆஸ்திரிய கம்பெனி கட்டினது. அப்புறம் 1991-ல கனடாவுல ஆறு பேர் சேர், 1997-ல நார்வேல எட்டு பேர் சேர்.

ஸ்டேஷனுக்குள்ள என்ன நடக்குது

அடுத்த தடவை போனா மேல பாருங்க, இதைத்தான் நான் எல்லார்கிட்டயும் சொல்வேன். கூரைக்கு அடியில ரப்பர் டயர்கள் வரிசையா தொங்கும், சின்ன வண்டி டயர் மாதிரி இருக்கும், எல்லாம் சுத்திக்கிட்டே இருக்கும். அதைக் கூர்ந்து பாத்தீங்கன்னா ஒரே வேகத்துல சுத்தலன்னு தெரியும்.

கயிறு வினாடிக்கு 5 மீட்டர் வேகத்துல வருதுன்னு வச்சுக்கோங்க, மணிக்கு 18 கிலோமீட்டர், சைக்கிள் வேகம். சேர் ஸ்டேஷனுக்குள்ள நுழையும்போது முதல்ல கிரிப்போட சின்ன உருளை ஒண்ணு ஒரு தண்டவாளத்து மேல ஏறும், சேரோட எடை இப்போ கயித்துல இல்ல, தண்டவாளத்துல. அடுத்து கிரிப்போட நெம்புகோல் ஒரு சரிவான பட்டையில போய் முட்டி அமுங்கும், நீங்க விரலால துணிக்கிளிப்பை அமுக்குறீங்களே அதே வேலையை இந்தப் பட்டை செய்யுது. 'க்ளாக்'னு ஒரு சத்தம். தாடை திறந்துடுச்சு. கயிறு அது பாட்டுக்கு விலகி புல்வீல் பக்கம் போயிடும்.

ஆனா சேர் இன்னும் 5 மீட்டர் வேகத்துலதான இருக்கு? இப்போதான் டயர். கிரிப் தலையில தட்டையா ஒரு பட்டை இருக்கும், அதை டயர்கள் மேல இருந்து தேய்ச்சு அழுத்தும். முதல் டயர் கிட்டத்தட்ட கயிறு வேகத்துலயே சுத்தும், அடுத்தது அதை விட கொஞ்சம் மெதுவா, அதுக்கடுத்தது இன்னும் மெதுவா. ஒரு டயர் கையில இருந்து அடுத்த டயர் கைக்கு மாறி மாறி சேர் வேகம் குறைஞ்சுக்கிட்டே வரும், கடைசியில வினாடிக்கு சுமார் 1 மீட்டர், நிதானமா நடக்குற வேகம். அப்படியே வளைவுல திரும்பி, ஆளுங்க ஏறி, மறுபக்கம் இதே கதை தலைகீழா: ஒவ்வொரு டயரும் முந்தினதை விட வேகமா, கடைசி டயர் சரியா கயிறு வேகத்துல. வேகம் ஒத்துப்போன அந்த இடத்துல நெம்புகோல் விடுபட்டு தாடை மூடிக்கும்.

இந்த டயர்களை சுத்துறது யாரு? பெரும்பாலும் அந்த ஓடுற கயிறேதான். கயித்துல இருந்து சக்தியை எடுத்து பெல்ட் வழியா டயருக்கு டயர் கடத்துவாங்க. அதனால லிஃப்டி முழு லிஃப்டையும் கொஞ்சம் ஸ்லோ பண்ணினா டயர்களும் அதே விகிதத்துல ஸ்லோ ஆகும், கயிறு வேகமும் கடைசி டயர் வேகமும் பிசகாது. கம்ப்யூட்டர் இல்லாமலே ஒத்திசைவு. இது எனக்கு இந்த மெஷின்லயே அழகான பகுதி.

சுருக்கமா: கயிறு ஓடிக்கிட்டே இருக்கு, ஸ்டேஷன்ல சேர்தான் கயித்தை விடுது, டயர்கள் சேரை மெதுவாக்கி திரும்ப வேகப்படுத்துது, ஸ்பிரிங் மறுபடி கவ்வுது.

க்யூ ஏன் குறையல?

இனிமேதான் நான் இதை எழுத உக்காந்த காரணமே.

பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ் வருது. ஒரு பஸ்ல 40 பேர். இப்போ பஸ்ஸை ரெண்டு மடங்கு வேகமா ஓட்டுறாங்க, ஆனா அப்பவும் பத்து நிமிஷத்துக்கு ஒண்ணுதான் விடுறாங்க. ஸ்டாப்புல நிக்கிற கூட்டம் சீக்கிரம் கரையுமா? கரையாது. ஏறினவங்க சீக்கிரம் போய் சேருவாங்க, அவ்வளவுதான். ஏறாதவங்களுக்கு ஒரு லாபமும் இல்ல.

சேர்லிஃப்டும் அப்படித்தான். எண்களைப் போட்டு பாப்போம். நாலு பேர் உக்காருற சேர், 6 விநாடிக்கு ஒரு சேர் வருது. ஒரு மணி நேரத்துக்கு 600 சேர், 2,400 பேர். வழியோட நீளம் 1,500 மீட்டர்.

பழைய ஃபிக்ஸட் கிரிப் லிஃப்ட், வினாடிக்கு 2.5 மீட்டர்: மேல போக 10 நிமிஷம், சேருக்கு சேர் இடைவெளி 15 மீட்டர். புது டிடாச்சபிள், வினாடிக்கு 5 மீட்டர்: மேல போக 5 நிமிஷம், சேருக்கு சேர் 30 மீட்டர்.

ரெண்டுலயும் மணிக்கு 2,400 பேர்தான். ஏன்னா 6 விநாடிங்கறது மாறல. ஒரு நாலு பேர் நகர்ந்து வந்து, கோட்டுல நின்னு, திரும்பிப் பாத்து, உக்கார அந்த ஆறு விநாடி வேணும். அதைக் கயிறு வேகம் குறைக்காது. வேகம் கூடினதுக்கு ஏத்த மாதிரி சேர்களைத் தள்ளித் தள்ளித்தான் மாட்டணும். இன்னொண்ணு பாருங்க, வழியில 30 மீட்டர் தள்ளி வர்ற சேர்கள் ஸ்டேஷனுக்குள்ள மெதுவானதும் 6 மீட்டருக்கு ஒண்ணுன்னு நெருங்கிடும், டோல்கேட் கிட்ட கார்கள் நெருங்குற மாதிரி. தூரம் சுருங்குது, நேர இடைவெளி அதே 6 விநாடி.

இதுல ஒரு வேடிக்கை என்னன்னா க்யூ சில சமயம் கூடவே செய்யும். நிமிஷத்துக்கு 40 பேர் ஏறுறாங்க. பத்து நிமிஷப் பயணம்னா எந்த நேரத்துலயும் 400 பேர் அந்தரத்துல தொங்கிக்கிட்டு இருப்பாங்க. அஞ்சு நிமிஷப் பயணம்னா 200 பேர். மலைக்கு வந்த மொத்த கூட்டம் மாறலன்னா மிச்சம் 200 பேர் எங்க போவாங்க? ஒண்ணு சரிவுல இருப்பாங்க, இல்ல க்யூல இருப்பாங்க. பழைய லிஃப்ட் மெதுவா போறதே ஒரு வகையில நகர்ற க்யூ, உக்கார இடம் குடுத்த க்யூ.

அப்போ ஹைஸ்பீட் லிஃப்டே வேஸ்ட்டா? அப்படி சொல்லல. குளிர்ல தொங்குற நேரம் பாதியாகுது, கூட்டம் இல்லாத நாள்ல கூடுதலா நிறைய ரவுண்டு அடிக்கலாம். அதோட முக்கியமான ஒண்ணு, ஃபிக்ஸட் கிரிப் லிஃப்ட்ல 2,400-ங்கறது பேப்பர்ல உள்ள கணக்கு. யாராவது தடுமாறி விழுவாங்க, நிறுத்துவாங்க, குழந்தைங்க வந்தா ஸ்லோ பண்ணுவாங்க, அந்த நேரமெல்லாம் நஷ்டம். நடக்குற வேகத்துல சேர் வந்தா விழுறவங்க குறைவு, நிறுத்தம் குறைவு, அதனால பேப்பர் கணக்குக்குப் பக்கத்துல போகும். க்யூ குறைஞ்ச மாதிரி தோணினா காரணம் பெரும்பாலும் இதுதான், வேகம் இல்ல.

உண்மையிலேயே க்யூவைக் குறைக்கணும்னா சேர்ல சீட்டைக் கூட்டணும். ஆறு, எட்டுன்னு போனதுக்கு காரணம் அதுதான். அதுலயும் ஒரு ஓட்டை இருக்கு, ஆறு பேர் சேர்ல நாலு பேர் குடும்பமா ஏறிட்டு ரெண்டு சீட் காலியா போகும். அதுக்குத்தான் தனியா வர்றவங்களுக்கு சிங்கிள்ஸ் லைன்னு ஒண்ணு வச்சு ஓட்டையை அடைக்கிறாங்க.

கரன்ட் பில்லும் இதே மாதிரி ஏமாத்தும். வேகம் ரெண்டு மடங்குன்னா மோட்டார் பவரும் ரெண்டு மடங்கு வேணும்னு தோணும். கீழ இறங்குற காலி சேரும் மேல ஏறுற சேரும் ஒண்ணை ஒண்ணு சமன் பண்ணிடும், மோட்டார் தூக்குறது ஆளுங்களை மட்டும்தான். மணிக்கு 2,400 பேர், ஆளுக்கு 80 கிலோ, உயரம் 400 மீட்டர்னா தூக்குறதுக்கு மட்டும் சுமார் 210 கிலோவாட். இந்தக் கணக்குல கயிறு வேகம் எங்கயாவது வந்துச்சா? உராய்வு, காத்து எல்லாம் மேல சேரும், ஆனா பெரிய பங்கு மாறாது.

கவ்வினது வழுக்கினா?

பயப்பட வேண்டிய கேள்விதான். 1995 டிசம்பர் 23 அன்னிக்கு கனடாவுல விஸ்லர் மலைல ஒரு டிடாச்சபிள் லிஃப்ட்ல திடீர்னு ஒரு அவசர நிறுத்தம், ஒரு சேரோட கிரிப் வழுக்கி கயித்துலயே கீழ சறுக்கி அடுத்த சேர்ல மோதி, அதுவும் சறுக்கி, 4 சேர் தரையில விழுந்துச்சு, 2 பேர் உயிர் போச்சு. அந்த லிஃப்டுக்கும் குவிக்சில்வர்னுதான் பேர், மேல சொன்ன பிரெக்கன்ரிட்ஜ் லிஃப்டுக்கும் இதுக்கும் பேர் பொருத்தம் மட்டும்தான், கட்டினவங்க வேற.

அதனால கிரிப் மேல நம்பிக்கை வச்சு விட்டுடறதில்ல, ஒவ்வொரு சுத்துக்கும் சோதனை. சேர் ஸ்டேஷனை விட்டுக் கிளம்புறதுக்குள்ள சென்சார்கள் ரெண்டு விஷயம் பாக்கும்: தாடை கயித்தை சரியான நிலையில கவ்வியிருக்கா, ஸ்பிரிங்குல போதுமான இறுக்கம் இருக்கா. ஒண்ணு தப்பினாலும் லிஃப்ட் நின்னுடும். நீங்க ஏறும்போது காரணமே தெரியாம ஒரு தடவை நின்னுச்சுன்னா இதுவும் ஒரு காரணமா இருக்கலாம், எரிச்சல் படாதீங்க. டவர்கள்லயும் காவல் உண்டு, கயிறு ஷீவை விட்டு நழுவினா ஒரு சின்ன பட்டை உடைஞ்சு மின்சுற்று அறுந்து எல்லாம் நிக்கும். உடையறதுக்குன்னே வச்ச பாகம் அது.

பின்னாடி ஓடுறது தனி ஆபத்து. மேல ஏறுற பக்கம் முழுக்க ஆளு, இறங்குற பக்கம் காலி, பிடிமானம் இல்லன்னா கயிறு தானா பின்னாடி ஓடத்தான் பாக்கும். 2018 மார்ச்சில ஜார்ஜியா நாட்டுல குடவுரிங்கற ஸ்கீ ஊர்ல ஒரு லிஃப்ட் அப்படி தலைகீழா ஓடின வீடியோவை நீங்களும் பாத்திருக்கலாம், ஆளுங்க சேர்ல இருந்து குதிச்சாங்க, பலருக்கு அடி, நல்லவேளை யாரும் சாகல. இதைத் தடுக்கத்தான் மோட்டார் பக்கம் ஒரு பிரேக் இருக்கும்போதே புல்வீலையே நேரா இறுக்கிப் புடிக்கிற பிரேக்கையும் தனியா வைக்கிறாங்க.

கரன்ட் போனா டீசல் இன்ஜின் ஒண்ணு தனியா இருக்கும், மெதுவா ஓட்டி எல்லாரையும் இறக்கிடுவாங்க. அதுவும் முடியலன்னா கடைசி வழி, மீட்பு ஆளுங்க மேல கயிறு வீசி ஒவ்வொரு சேரா ஆளுங்களை இறக்குறது. நேரம் பிடிக்கும், ஆனா பழகின வேலை.

உக்காந்து போனா என்ன தெரியும்

இப்போ ஏறிடுவோம். கேட் திறக்கும், கோடு வரைக்கும் சறுக்கிப் போங்க, தோளுக்கு மேல பின்னாடி பாருங்க, சேர் சும்மா நடந்து வந்து உங்க காலுக்குப் பின்னாடி ஒட்டும். உக்காருங்க. மேல டயர்கள் 'ர்ர்ர்'னு உறும ஆரம்பிக்கும், மூணு நாலு விநாடில உங்களை முதுகோட அழுத்தித் தள்ளும், 'க்ளாக்', கால் கீழ தரை இல்ல. தலைக்கு மேல இருக்கற பாதுகாப்புக் கம்பியை மடி முன்னாடி இறக்கிக்கோங்க, அதுக்கு முன்னாடி பக்கத்துல உள்ளவங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிடுங்க, தலைல இடிச்சா பயணம் முழுக்க மௌனம்தான்.

அதுக்கப்புறம் அதிசயமான அமைதி. பனி சத்தத்தை உறிஞ்சிடும், காத்து மட்டும். அப்புறம் டவர் வரும், 'கடகடகட'. கயிறு வழவழன்னு உருளும், ஆனா கிரிப் அதுல ஒரு முடிச்சு மாதிரி தடிச்சு இருக்கு, ஒவ்வொரு ஷீவும் அந்த முடிச்சைத் தாண்டும்போது ஒரு தட்டு. அமுக்கிப் பிடிக்கிற டவர்ல அந்தக் குலுக்கல் இன்னும் நல்லா தெரியும். வேகமான லிஃப்ட்ல ஒரு டவருக்கு நிறைய ஷீவ் வச்சு வளைவை மென்மையாக்குவாங்க, இல்லன்னா 5 மீட்டர் வேகத்துல வயிறு தூக்கிப் போடும்.

குளிர் பத்தி யாரும் முன்கூட்டியே சொல்றதில்ல. காத்தே அடிக்கலன்னாலும் மணிக்கு 18 கிலோமீட்டர் காத்தை நீங்களே உண்டாக்கிக்கிறீங்க. எதிர்க்காத்தும் சேந்தா கன்னம் மரத்துடும். பயண நேரம் பாதியானாலும் அந்தப் பாதி நேரமும் குளிர் கூடுதல்தான், இந்தக் கணக்கை விளம்பரத்துல போடமாட்டாங்க. அதனாலதான் சில லிஃப்ட்ல சேருக்கு மேல மூடி வச்சு சீட்டையும் சூடு பண்றாங்க, வட அமெரிக்காவுல முதல் தடவையா மூடியும் சூடான சீட்டும் சேந்த சேர்லிஃப்ட் 2010-ல யூட்டா மாநிலத்துல கேன்யன்ஸ் ரிசார்ட்ல வந்துச்சு, மூடி ஆரஞ்சு கலர், உள்ள உக்காந்தா வெளிய உள்ள பனியெல்லாம் ஆரஞ்சா தெரியும். மூடிக்கு ஒரு விலை உண்டு, காத்து அதைப் பிடிச்சு ஆட்டும், பலத்த காத்துல லிஃப்டையே நிறுத்த வேண்டி வரலாம்.

நடுவழியில நின்னா பயப்படாதீங்க, ஆடும். முன்னும் பின்னும் ஆடும், அதை விட மேலயும் கீழயும் நல்லா குதிக்கும், ஏன்னா ரெண்டு டவருக்கு நடுவுல தொங்குற கயிறு ஒரு நீளமான ஸ்பிரிங் மாதிரி. அரை நிமிஷத்துல அடங்கிடும். உயரம் பிடிக்காதவங்க அந்த நேரத்துல எதிர்ல உள்ள டவரைப் பாருங்க, அது ஆடாது.

இறங்குற இடம் வந்தா கம்பியைத் தூக்கி, ஸ்கீ நுனியை மேல தூக்கி வச்சுக்கோங்க. மறுபடி 'க்ளாக்', டயர்கள் பிடிச்சு இழுத்து மெதுவாக்கும், உடம்பு முன்னாடி சாயும். ஸ்கீ தரையில பட்டதும் எழுந்து நின்னா போதும், சின்ன சரிவு உங்களை தானா கொண்டுபோயிடும், சேர் பின்னாடி மெதுவா திரும்பிப் போயிடும். நடக்குற வேகம்தான், விழ வாய்ப்பே இல்லன்னு சொல்வாங்க. நான் விழுந்தேன். பக்கத்துல இருந்தவரோட ஸ்கீ என் ஸ்கீ மேல ஏறிடுச்சு, ரெண்டு பேரும் இறங்குற சரிவுக்கு நடுவுல குவியலா கிடந்தோம். லிஃப்டி பொத்தானை அமுக்கினாரு, டயர்களோட உறுமல் அப்படியே அடங்குச்சு, திரும்பிப் பாத்தா மலை நெடுக சேர்கள் மேலும் கீழுமா குதிச்சுக்கிட்டு இருக்கு. நாங்க எழுந்து, கழண்ட ஒரு ஸ்கீயைப் பொறுக்கிக்கிட்டு ஓரமா நகர 30 விநாடி ஆச்சு. அஞ்சு சேர், இருபது பேர், எல்லாரும் கீழ க்யூலயே.